சுழி போட்ட மிஷின்

நர்மதாவை அழவைத்துவிட்டுப் போன வாரத்தை முடித்தது அநியாயம் என்று என் மேல் கோபப்பட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவள் அழவில்லை. அழுவதற்கு அவளுக்கு நேரம் ஏது? முகத்தைக் கழுவி, முடியை அள்ளி முடிந்துகொண்டு, விடிந்ததும் விடியாததுமாக லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் சென்னியப்பனின் வீடு. மூத்தவன் மோகனசுந்தரம் தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். அவன் மனைவிதான் நர்மதா. இளையவன் சந்துரு. நர்மதாவும் சந்துருவும் கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறார்கள். சந்துருவை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நர்மதாதான். நீங்கள் இதை மறந்துவிடாதீர்கள். அவன் மறந்துவிட்டான்.

அவர்கள் செய்வது பால் சொசைட்டிகளுக்கான மென்பொருள். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார், கொழுப்பு எவ்வளவு என்பதை நடுவில் யாரும் கை வைத்து மாற்றாதபடி பூட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பூட்டுக்கென்று கிரிப்டோகிராபி லைப்ரரி என்று ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. அதை விண்டோஸில் நாமே கம்பைல் செய்து, அதாவது மிஷினில் ஓடும்படி மாற்றி, எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பகுதி சாதாரண நிரல்தான். கணக்குப் போடுகிற முக்கியமான இடங்களை மட்டும் வேகத்துக்காக அசெம்ப்ளி மொழியில் எழுதியிருப்பார்கள். அவற்றை மிஷினுக்குப் புரிகிறபடி மாற்றித் தருவது அசெம்ப்ளர் என்கிற இன்னொரு புரோகிராம். அசெம்ப்ளர் இல்லாமலும் லைப்ரரி உருவாகும். வேலையும் செய்யும், ஆமை வேகத்தில்.

போன மாதம் சந்துரு அப்படித்தான் செய்தான். அசெம்ப்ளர் மக்கர் பண்ணுகிறது என்று அதை விட்டுவிட்டு, வந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டான். ஊர் சொசைட்டியில் இருப்பதோ பழைய கம்ப்யூட்டர். ஒவ்வொருவர் பாலுக்கும் பூட்டுப் போட அது திணறியது. வரிசை ரோடு வரைக்கும் நீண்டது. வெயில் ஏறி, சென்னியப்பனின் கேனில் இருந்த பால் திரிந்தே போயிற்று. கம்பெனித் தலைவர் பூபதிராஜா விசாரித்தபோது, இருவரும் சேர்ந்து செய்த தப்பு என்று நர்மதா பாதிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். சின்னவன், கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது, போகட்டும் என்று விட்டாள்.

அதற்குப் பிறகுதான் பூபதிராஜா ஒரு சட்டம் போட்டார். இனிமேல் இரண்டு பேர், அவரவர் மிஷினில், தனித்தனியாக லைப்ரரியைச் செய்ய வேண்டும். இரண்டும் எல்லாச் சோதனையிலும் தேற வேண்டும், வேகமும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம்தான் சொசைட்டிக்குப் போகும்.

இந்தத் திங்கட்கிழமை சந்துரு முடித்துவிட்டான். நர்மதாவின் மிஷினில் அசெம்ப்ளர் நகரவே இல்லை.

புதன்கிழமை மீட்டிங்கில் மௌனிகா பேசினாள். அதே கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருப்பவள், அடுத்த வெள்ளிக்கிழமை சந்துருவோடு நிச்சயம் ஆகப்போகிறவள். நர்மதா அக்காவுக்கு இந்த வேலை பழக்கமில்லை போலிருக்கிறது, பாவம், வேறு ஏதாவது கொடுக்கலாமே என்றாள். குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதனாலேயே அந்தப் ‘பாவம்’ சுருக்கென்று தைத்தது. பத்து வருடமாக இதே தொழிலில் இருப்பவளைப் பார்த்துப் பாவமாம்.

பூபதிராஜா கெடு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் நர்மதாவின் மிஷினில் லைப்ரரி வந்தாக வேண்டும். இல்லையென்றால் இந்த வேலை மொத்தமும் சந்துருவின் பொறுப்புக்குப் போகும். நர்மதா தினமும் கோயமுத்தூர் ஆபீசுக்கு வந்து, அவன் சொல்வதைச் செய்ய வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை.

*

இத்தனை நாளாக அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்க வேண்டாம். முதலில் அசெம்ப்ளரே இல்லை என்று மிஷின் சொன்னது. இருந்தது, எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்லப்படவில்லை. சொன்னாள். அடுத்து, சொசைட்டியின் பழைய கம்ப்யூட்டருக்கு முப்பத்திரண்டு பிட் லைப்ரரி வேண்டும், இவள் திறந்து வைத்திருந்ததோ அறுபத்து நான்கு பிட்டுக்கான கட்டளை ஜன்னல். இரண்டும் முட்டிக்கொண்டன. அதையும் சரி செய்தாள். மற்ற நிரல்கள் எல்லாம் மளமளவென்று கம்பைல் ஆயின. அசெம்ப்ளரின் முறை வந்ததும் முதல் ஃபைலிலேயே நின்றது. ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஒரே வரி.

ஃபைல் அங்கேதான் இருக்கிறது. அவள் அதைத் திறந்து பார்க்கிறாள், படிக்கிறாள், மூடுகிறாள். அசெம்ப்ளருக்கு மட்டும் திறக்க முடியாதாம். கண்ணுக்கு நேரே கதவு திறந்து கிடக்க, பூட்டியிருக்கிறது என்று சாதிக்கிற ஆளை என்ன செய்வது? அசெம்ப்ளரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தாள். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

வெட்கத்தை விட்டு இன்று மூன்றாவது தடவையாகச் சந்துருவிடம் போனாள். முன்கூடத்தில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். உன் மிஷினிலும் முன்னால் இதே தகராறுதானே, என்ன செய்து ஓட வைத்தாய் என்று கேட்டாள்.

தான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக ஓடியது என்றான். முதல் இரண்டு தடவையும் இதையேதான் சொன்னான். இந்தத் தடவை கூடவே ஓர் உபதேசமும் வந்தது.

“எதுக்குங்க அண்ணி இந்தப் பாடு? அசெம்ப்ளர் வேண்டாம்னு ஒரு வார்த்த சேர்த்துட்டா நிமிசத்துல ஆயிருமுங்க. முடிச்சுக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க.”

அப்படிச் செய்தால் வேகம் ஒத்துப்போகாது, நான்கு மணிக்கு அத்தனை பேர் முன்னால் பல்லிளிக்கும். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறானா, தெரியாமல் சொல்கிறானா என்று யோசித்தபடியே அவள் திரும்பி வந்தாள். தெரியாமல்தான் சொல்லியிருப்பான் என்று முடிவும் செய்துகொண்டாள். நல்லவர்களுக்கு இது ஒரு வியாதி.

*

ஃபைல்களைச் சந்துருவின் மிஷினில் போட்டுப் பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று பென்டிரைவில் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும், அவனிடம் போய் நிற்பதற்கு முன்னால் இங்கேயே ஒரு தடவை பார்ப்போமே என்று தோன்றியது. பென்டிரைவில் இருந்த ஒரு ஃபைலை மட்டும் அசெம்ப்ளரிடம் கொடுத்தாள்.

வாயைத் திறக்காமல் முடித்துக் கொடுத்தது.

நர்மதா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதே ஃபைலை லேப்டாப்பில் தன் இடத்திலிருந்து கொடுத்தாள். முடியாது என்றது. மறுபடி பென்டிரைவிலிருந்து கொடுத்தாள். முடித்தது. ஆக, அசெம்ப்ளரில் கோளாறு இல்லை. ஃபைலிலும் இல்லை. ஃபைல் இருக்கிற இடத்தில்தான் கோளாறு.

கறுப்பு ஜன்னலில் அந்த இடத்தின் முழு முகவரியும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் வரிசையாகக் காலிக் கட்டங்கள். லேப்டாப் வந்த நாளிலிருந்து அந்தக் கட்டங்கள் அங்கேதான் இருக்கின்றன. பார்த்துப் பார்த்துப் பழகி, அவை இருப்பதையே அவள் கண் விட்டுவிட்டது. இன்றைக்குத்தான் அவை என்னவென்று நினைத்துப் பார்த்தாள்.

கம்பெனி இருவருக்கும் புது லேப்டாப் அனுப்பியிருந்த நாள். மாமியார் செல்லாத்தாள் இரண்டையும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டினாள். சந்துருதான் இரண்டையும் தயார் செய்தான். உங்கள் பெயர் என்ன என்று மிஷின் கேட்டது. பெயரை அடிக்கப் போனவனைச் செல்லாத்தாள் தடுத்தாள். கல்யாணப் பத்திரிகையிலிருந்து மளிகைச் சீட்டு வரைக்கும் இந்த வீட்டில் பிள்ளையார் சுழி இல்லாமல் எதுவும் தொடங்குவதில்லை, மிஷினுக்கு மட்டும் என்ன தனி நியாயம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மிஷினில் ‘உ நர்மதா’ என்றும் இன்னொன்றில் ‘உ சந்துரு’ என்றும் அடித்தான். விண்டோஸ் அதே பெயரில் ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக்கொண்டது. அவர்கள் செய்கிற வேலையெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

விண்டோஸுக்குத் தமிழ் தெரியும். கம்பைலருக்கும் தெரியும். இந்த அசெம்ப்ளருக்குத் தெரியாது. ‘உ’வில் தொடங்கி அத்தனை தமிழ் எழுத்தையும் அது கேள்விக்குறியாக்கி, அப்படி ஒரு இடமே இல்லை என்று கையை விரித்துவிட்டது. உலகம் முழுக்க ஓடுகிற புரோகிராம். இத்தனை கோடிப் பேர் எழுதுகிற எழுத்து அதன் கண்ணில் ஒரு எழுத்தாகவே படவில்லை. அதைச் சொல்லவாவது செய்கிறதா? உன் எழுத்து எனக்குப் புரியவில்லை என்று ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடும்? ஃபைல் இல்லை என்று பொய் சொல்லி, ஒரு பெண்ணை வாரம் முழுக்கப் பைத்தியமாக அடித்துவிட்டது.

ஆனால் நர்மதாவுக்கு அந்த நிமிஷம் கோபமே வரவில்லை. சிரிப்புதான் வந்தது.

*

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் அரிசிம்பருப்புச் சாதம். நர்மதா நெய்யை ஊற்றியபடியே விஷயத்தைச் சொன்னாள். வீட்டுக்குள் ஒரு வேடிக்கையைச் சொல்வது போலத்தான் சொன்னாள். நம் பிள்ளையார் சுழிதான் இத்தனைக்கும் காரணம், சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றாள்.

மோகனசுந்தரம் சிரித்தான். சென்னியப்பனும் மீசைக்குள் சிரித்தார். சந்துரு மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லாத்தாள் அடுத்த கரண்டி சாதத்தைப் போட்டுக்கொண்டே வெள்ளந்தியாகச் சொன்னாள்.

“அதையத்தான் சந்துரு திங்கக்கெழமையே சொன்னானே அம்மிணி. சுழி இருந்தா மிஷினு மொரண்டு புடிக்குதும்மா, எடுத்துப்போட்டு இங்கிலீசுல பேரு வெக்கட்டுமான்னு எங்கிட்டக் கேட்டான். நாந்தான், பிள்ளையாரப்பனுக்கு ஒரு தேங்காய ஒடச்சுப்போட்டு எடு சாமின்னேன்.”

நெய்க் கிண்ணம் நர்மதாவின் கையிலேயே நின்றது.

திங்கட்கிழமை காலையில் சந்துரு அரசமரத்துப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. நிச்சயம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டுதல் போல என்று நினைத்துக்கொண்டாள். அந்தத் தேங்காய் மூடியைத் துருவிச் சட்னி அரைத்ததே அவள்தான். அந்தச் சட்னியைத் தொட்டு இட்லி தின்றுவிட்டுத்தான் அவன், அதுவாக ஓடியது அண்ணி என்று சொன்னான்.

“சந்துரு,” என்றாள். “உனக்குத் தெரியுமா?”

அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“மூணு தடவ வந்து கேட்டேன். இன்னைக்குக் காலைல கூடக் கேட்டேன்.”

அவன் கையை உதறிவிட்டு எழுந்தான். அதுதான் காரணம் என்று தனக்கே அவ்வளவு உறுதியாகத் தெரியாது என்றான். பிறகு, அம்மா வருத்தப்படுவாளே என்று சொல்லாமல் விட்டதாகச் சொன்னான். இரண்டும் எடுபடவில்லை என்று தெரிந்ததும் உண்மை வந்தது.

“எப்பப் பாத்தாலும் அண்ணிகிட்டக் கத்துக்கோ, அண்ணியக் கேட்டுச் செய்யின்னா எனக்கு எப்படிங்க இருக்கும்? மௌனிகாவோட அப்பா என்னப் பாத்து, நீங்க அண்ணிக்குக் கீழயா வேல செய்யறீங்கன்னு கேக்கறாரு. நிச்சயத்துக்கு முந்தி நானும் ஒரு ஆளுன்னு காட்ட வேண்டாமா?”

ஒரு ஆளாம். ஆள் என்று காட்டுவதற்கு இன்னொருத்தியைக் குழியில் தள்ளி, அவள் தலை மேல் ஏறி நிற்க வேண்டுமாம்.

நர்மதா நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். போன மாதம் உங்கள் பால் திரிந்துபோனதே, அந்த லைப்ரரியை அசெம்ப்ளர் இல்லாமல் செய்து கொடுத்தது இவன் ஒருத்தன்தான், இருவரும் சேர்ந்து செய்ததாக நான் சொன்னது பொய் என்றாள். அன்றைக்கு இவனைக் காப்பாற்றியதற்கு இன்றைக்குக் கைமேல் பலன் கிடைத்துவிட்டது என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை போல இருந்தது அங்கே இருந்தவர்களுக்கு.

சென்னியப்பன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார்.

“ஏன்டா, நான் வெயில்ல கேன வெச்சுட்டு நிக்கறதப் பாத்துட்டுத்தான சொசைட்டிக்குள்ள போன அன்னைக்கு?” என்று மகனைக் கேட்டார். பதிலுக்காகக் காத்திராமல் தோப்புப் பக்கம் நடந்துவிட்டார்.

மோகனசுந்தரம் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? தண்ணீர் குடித்தான். சரி விடு, வேலை முடிந்தால் போதும் அல்லவா, சின்னப் பையன் என்றான். முப்பதை நெருங்குகிறவன் சின்னப் பையன்.

*

மத்தியானத்துக்கு மேல் நர்மதா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சி டிரைவில் நேராக, ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில், ஒரு ஃபோல்டர் போட்டாள். எல்லாவற்றையும் அங்கே மாற்றினாள். முதலிலிருந்து தொடங்கினாள்.

ஓடியது. அசெம்ப்ளர் ஒவ்வொரு ஃபைலாக வாங்கி வாங்கிக் கொடுத்தது. பாதி வழியில் மறுபடியும் நின்றது.

இந்தத் தடவை அவள் பதறவில்லை. கட்டங்களைத் தேடினாள். இருந்தன. வேலை நடக்கும்போது உண்டாகிற தற்காலிக ஃபைல்களை விண்டோஸ் இன்னும் பழைய ‘உ நர்மதா’ ஃபோல்டருக்குள்தான் போட்டுக்கொண்டிருந்தது. அவற்றுக்கும் புது இடம் காட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். கடைசி வரைக்கும் ஓடி முடிந்தது. சோதனைகள் எல்லாம் தேறின. வேகமும் சந்துருவின் லைப்ரரியோடு ஒத்துப்போனது. நான்கு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு செல்லாத்தாள் வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் கெட்டவள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நர்மதாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி தேடித் தோப்பெல்லாம் அலைந்தவள். இப்போது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊட்டு விசயம் ஊட்டோட இருக்கட்டும் அம்மிணி. மீட்டிங்குல கேட்டா, ஏதோ நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு. அந்தப் புள்ள மௌனிகாவும் அதுல இருப்பா. அடுத்த வெள்ளிக்கெழம நிச்சயம். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாத்துக்கும் சொல்லியாச்சு.”

“நான் தப்புப் பண்ணலீங்களே அத்தை.”

“தெரியுது. நீ சொன்னாக் கொறஞ்சா போயிருவ? உனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே.”

இதைக் கேட்டீர்களா? கல்யாணம் ஆகிவிட்டதாம், அதனால் பெயர் கெட்டால் பரவாயில்லையாம். இந்த நியாயத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று தெரியவில்லை, வீட்டுக்கு வீடு வாங்கி வைத்திருக்கிறார்கள்.

நர்மதா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

*

மீட்டிங் தொடங்கியது. நர்மதா அவளுடைய அறையில், சந்துரு முன்கூடத்தில், நடுவில் ஒரு சுவர். திரையில் பூபதிராஜா, மௌனிகா, இன்னும் சிலர். அறை வாசலில் செல்லாத்தாளும் அவளுக்குப் பின்னால் மோகனசுந்தரமும் நின்றார்கள்.

நர்மதா சோதனை முடிவுகளைக் காட்டினாள். பூபதிராஜா ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, திங்கட்கிழமை சொசைட்டிக்கு அனுப்பலாம், பொறுப்பு நர்மதாவிடமே இருக்கட்டும் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இத்தனை நாள் இழுத்தடித்த கோளாறு என்ன என்று கேட்டார்.

வாசலில் நின்ற செல்லாத்தாள் இரண்டு கையையும் கூப்பினாள்.

நர்மதா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். தன் ஃபோல்டர் பெயரில் தமிழ் எழுத்து இருந்ததையும், அசெம்ப்ளருக்கு அது புரியாததையும் விளக்கினாள். இதை மறைத்தால் நாளைக்கு இன்னொருவர் இதே குழியில் விழுவார், தமிழிலும் மலையாளத்திலும் பெயர் வைக்கிற ஊர் இது, நம் ஆட்கள் எல்லோருக்கும் இதை எழுதி அனுப்ப வேண்டும் என்றாள்.

சந்துருவின் மிஷினிலும் அப்படித்தானே பெயர் இருந்தது என்று பூபதிராஜா கேட்டார். லேப்டாப் வந்த புதிதில், மீட்டிங் திரையில் அந்தச் சுழியைப் பார்த்துச் சிரித்தவர் அவர்.

“இருந்துதுங்க. திங்கக்கிழம அத எடுத்துட்டு இங்கிலீசுல மாத்திட்டாருங்க.”

“அப்ப அவருக்குக் காரணம் தெரியுமா?”

சந்துரு அவசரமாகக் குறுக்கே வந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று மாற்றிப் பார்த்ததாகவும், அதுதான் காரணம் என்று உறுதியாகத் தெரியாது என்றும், உறுதி இல்லாமல் சொல்லி அண்ணியைக் குழப்ப வேண்டாம் என்று நினைத்ததாகவும் சொன்னான். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

“உறுதியில்லாமத்தான் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சியா சந்துரு?” என்று கேட்டாள் நர்மதா. “சுழிய எடுக்கறதுக்கு அத்தைகிட்ட உத்தரவு வாங்கி, திங்கக்கிழம காலைல ஒடச்சிருக்கற. அதுக்கப்புறம் நான் மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் தெரியாதுன்னு சொன்ன.”

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. திரையில் சந்துருவின் கட்டத்தில் காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. மௌனிகாவின் கட்டம் இருண்டுபோனது. பூபதிராஜா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மற்றதைத் தான் தனியாகப் பேசிக்கொள்வதாகச் சொல்லி மீட்டிங்கை முடித்தார்.

மோகனசுந்தரத்துக்கு இப்போதுதான் வாய் திறந்தது. குடும்பத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டாயே என்றான்.

“என்னய நிறுத்தினப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?” என்று கேட்டாள் அவள். “புதன்கிழம அத்தன பேரும் என்னப் பாவம்னு பாத்தாங்களே, அப்ப நானு குடும்பத்துல இல்லீங்களா?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு தோப்புக்குப் போனான். செல்லாத்தாள் பின்பக்கம் போனாள். புழக்கடையில் கழுவின பாத்திரங்களையே மறுபடியும் எடுத்துப் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் சத்தத்தோடு விழுந்தது. நர்மதா லேப்டாப்பை மூடினாள். சொன்னதற்காக வருத்தமில்லை. தன் பக்கம் பேச இந்த வீட்டில் ஓர் ஆள் இல்லையே என்றுதான் இருந்தது.

போன் அடித்தது. மௌனிகா.

நர்மதா எடுத்தாள். அந்தப் பக்கம் அழுது முடித்த குரல்.

“அக்கா, புதன்கிழம உங்களப் பாவம்னு சொன்னனுங்களே, அது என்னோட வார்த்த இல்லீங்க. அவரு சொல்லச் சொன்னது. அண்ணிக்கு இது வரவே வராது, நான் சொன்னா நல்லா இருக்காது, நீ சொன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்கன்னாரு. நம்பிச் சொல்லிப்போட்டேன்.”

“செரி உடு மௌனிகா.”

“உடறதுக்கில்லீங்க அக்கா. அந்தத் தேங்கா...” என்று நிறுத்தினாள். “திங்கக்கிழம எனக்குப் போன் பண்ணி, நம்ம நிச்சயம் நல்லபடியா நடக்கோணும்னு பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சேன்னு சொன்னாருங்க. எங்கம்மா அதக் கேட்டு அன்னைக்கு அத்தன சந்தோசப்பட்டாங்க.”

நர்மதாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

“அப்பாகிட்டச் சொல்லீட்டனுங்க. நாளைக்குக் காலைல அங்க வர்றோம். அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு மட்டும் தெரியோணும். உங்க அத்தைகிட்டக் குடுங்க அக்கா. அந்தத் தேங்கா எதுக்கு ஒடச்சதுன்னு அவங்க வாயால சொல்லட்டும்.”

நர்மதா புழக்கடைக்கு நடந்தாள். செல்லாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மௌனிகாங்க அத்தை. உங்களத்தான் கேக்கறா.”

போனை நீட்டினாள். செல்லாத்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.